செக்குமாட்டுச் சிந்தை



நம்மவர்க்குப் புதியது எண்ணும் அறிவில்லை என்று பேசுவோர் நம்மிடையே பலர் உளர். இதனைப் பிறர் சொன்னால் சினந்தெழும் நாமே, வீட்டு வாசலிலும் சங்கக் கட்டடத்திலும் தேநீர்க் கடையிலும் கூசாமற் சொல்லிக்கொள்கின்றோம். "கண்டுபிடிக்கப் பிறந்தவன் வேறு, கைகட்டிப் பிழைக்கப் பிறந்தவன் வேறு, நமக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று பெருமூச்செறிகின்றோம். தலையெழுத்து என்பது வெறும் புரட்டு என மேடையில் முழங்கும் சீர்திருத்தக்காரரும், அறிவு என்ற ஓரிடத்தில் மட்டும் அத்தலையெழுத்தையே வேறு பெயரால் வழிபடுகின்றனர். "பிறவி மேதை" என்பதே அப்பெயர்.

இக்கூற்றை யாம் அடியோடு மறுக்கின்றோம். நம்மவர்க்கு அறிவு குறைவன்று. உள்ள அறிவு ஒரே தடத்திற் சுற்றிச் சுற்றி வருகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு. செக்கிற் பூட்டிய மாடு நாள் முழுதும் நடக்கின்றது. நடந்த தொலைவை அளந்தால் பல கல் தேறும். ஆயினும் மாலையில் அவிழ்த்துவிடும்போது காலையில் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதன் காலில் வலுவில்லை என்று எவரேனும் சொல்வாரா? குறை காலில் இல்லை, பூட்டில் இருக்கின்றது. அப்பூட்டு எத்தகையது, அதனைப் பூட்டுவோர் யாவர், அவிழ்க்கும் வழி யாது என்பவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

மூன்று வாளிக் கணக்கு

அமெரிக்க நாட்டில் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்னும் உளநூலறிஞர் ஒரு சோதனை நடத்தி, 1942ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். பள்ளிச் சிறார் முதல் படித்தோர் வரை பலரும் அதில் அகப்பட்டுக்கொண்டனர். தோட்டத்து வாளிகளைக் கொண்டே அதனை விளக்குவோம்.

மூன்று வாளிகள் உள. முதலாவது 21 படி கொள்ளும். இரண்டாவது 127 படி கொள்ளும். மூன்றாவது 3 படி கொள்ளும். சரியாக 100 படி நீர் அளந்து தருதல் வேண்டும். சற்று எண்ணினால் வழி புலப்படும். பெரிய வாளியை நிரப்பி, அதிலிருந்து முதல் வாளியை ஒருமுறையும் சின்ன வாளியை இருமுறையும் நிரப்பி ஊற்றிவிட்டால் எஞ்சுவது 100. இதே வழியில் தீரும் கணக்குகள் சிலவற்றை லூச்சின்ஸ் அடுத்தடுத்துக் கொடுத்தார். பின்னர் ஒரு கணக்குத் தந்தார்: வாளிகள் 23, 49, 3, வேண்டுவது 20 படி. பழகியவர்கள் முன்போலவே பெரிய வாளியை நிரப்பினர், ஒருமுறை ஊற்றினர், இருமுறை ஊற்றினர், 20 வந்தது, மகிழ்ந்தனர். 23 படி வாளியை நிரப்பி 3 படி எடுத்தால் 20 என்பது அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை!

இன்னும் கேளுங்கள். அடுத்த கணக்கில் வாளிகள் 28, 76, 3. வேண்டுவது 25 படி. இதற்குப் பழைய வழி உதவாது. அவ்வழியிற் சென்றால் 42 தான் வரும். இருபத்தெட்டில் மூன்றைக் கழிக்கும் இவ்வெளிய கணக்கின் முன்னே பழகியவர் பலர் திகைத்து நின்றனர். முந்தைய கணக்குகளைக் காணாதவரோ எளிதிற் செய்து முடித்தனர்.

தோழர்களே, இதிலிருந்து அறியத்தக்கது யாது? திகைத்தவர்கள் மூடர்களல்லர். பாடத்தை நன்கு கற்றவர்கள் அவர்களே. கற்றதனாலேயே திகைத்தார்கள். மனம் ஒருமுறை வென்ற வழியை மறுமுறையும் நாடுகின்றது. பலமுறை வென்றபின் வேறு வழி உண்டோ என்று பார்ப்பதையே விட்டுவிடுகின்றது. இதுவே மனத்தடம். இது பிறவிக் குறையன்று; பழக்கத்தால் வந்தது. பழக்கத்தால் வந்ததனைப் பழக்கத்தாற் போக்கவும் கூடும். லூச்சின்ஸ் சிலரிடம் கணக்கை மாற்றும் முன், "கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்" என்னும் பொருளில் ஒரு சிறு எச்சரிக்கையை அவர்கள் கையாலேயே எழுதச் செய்தார். அவர்களுட் பலர் குறுக்கு வழியைக் கண்டுகொண்டனர். ஒரு வரி எச்சரிக்கைக்கு இவ்வளவு ஆற்றலுண்டாயின், பிறவி மேதை என்னும் பேச்சு என்னாவது?

நம் காலடியிலேயே சான்று

சோதனைச் சாலைக்கு ஏன் போக வேண்டும்? நாம் மிதித்து நடந்த தோட்டத்து மண்ணே இதற்குச் சாட்சி கூறும்.

1876ஆம் ஆண்டில் ஹென்ரி விக்காம் என்பார் பிரேசில் நாட்டினின்று ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவ்வழி வந்த கன்றுகளுள் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. மரம் வளர்ந்தது, பால் எடுப்பது எப்படி என்பதே கேள்வி. அமேசான் காட்டில் பாலெடுப்போர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். நாள்தோறும் புதுப் புது இடத்தில் கொத்து விழும். காயம் ஆழமாகி உள்ளிருக்கும் வளர்தோல் அறுபடும். மரம் முடிச்சு முடிச்சாகக் கெட்டுப் பாலும் வற்றும். காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லையாதலின், வேறு வழி உண்டோ என்று கேட்க அங்கே காரணமும் எழவில்லை போலும்.

1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ஹென்ரி ரிட்லி அக்கேள்வியைக் கேட்டார். புதுக் காயம் செய்யாமல், முன்னே வெட்டிய வாயையே மறுபடி மெல்லச் சீவினால் என்ன? அங்ஙனம் செய்து பார்த்தார். பால் குறையவில்லை; சில முறை சீவியபின் முன்னிலும் மிகுதியாகப் பெருகிற்று. பட்டையை மெல்லியதாகச் சீவி, வளர்தோலைத் தொடாமல் விட்டால் பட்டை மீண்டும் வளரும். மரமும் பல்லாண்டு பால் தரும். நம் பாட்டனாரும் பாட்டியாரும் விடியுமுன் தலைவிளக்குடன் நிரைக்குள் நுழைந்து வெட்டிய வெட்டு இவ்வாறு பிறந்ததேயாம்.

வழி கண்டபின்னும் உலகம் உடனே ஏற்றதா? இல்லை. மலாயாவின் துரைமார்கள் அக்காலத்தில் காப்பிப் பயிரில் மனம் பூட்டிக் கிடந்தனர். சட்டைப்பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு கண்டவரிடமெல்லாம் "நடுங்கள்" என்று வேண்டிய ரிட்லியைப் "பைத்தியக்கார ரிட்லி" என்று நகையாடினர். மலாக்காவில் டான் சே யான் என்னும் சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். இந்நாட்டில் ரப்பரை வாணிகப் பயிராக நட்ட முதல்வர்களுள் அவர் ஒருவர். பிரேசிலின் காப்பி சந்தையிற் குவிந்து விலை வீழ்ந்த பிறகே துரைமார்களின் கண் திறந்தது. கல்வியும் முதலும் ஆட்சியும் கையில் இருந்தோரையே மனத்தடம் இவ்வாறு ஆட்டிவைத்ததெனில், அது நம் சாதிக்கு மட்டும் உரிய நோயென்று தலைகுனிவதேன்?

செம்பனையின் கதை இதனினும் வியப்பானது. 1917இல் சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வாணிகப் பயிராயிற்று. செம்பனைப் பூவிற் காற்றே மகரந்தம் சேர்க்கும் என்பது அந்நாளைய நூற்கொள்கை. காற்று போதிய அளவு சேர்க்காத இடங்களில் யாது செய்தார்கள்? மகரந்தத்தைத் தூளோடு கலந்து, தொழிலாளர் மரம் மரமாகச் சென்று பூக்குலைதோறும் ஊதினார்கள். நம் தாய்மாரும் தமக்கைமாரும் இவ்வேலைக்குச் சென்றதை நினைவிலுடையோர் இன்றும் உளர். லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிருவாகி ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில், செம்பனைப் பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதைக் கண்டவர். இவை ஏன் இங்கே இல்லை என்ற ஐயம் அவர்க்கு எழுந்தது. காற்றின் வேலையே இது என்பது அறிந்தோர் தந்த விடை. பின்னாளில் ரஹ்மான் சையத் என்னும் பூச்சிநூல் வல்லவர் முறைப்படி ஆராய்ந்து, வண்டுகளே மகரந்தம் சேர்ப்பதை நிலைநாட்டினார். 1981ஆம் ஆண்டு ஜொகூரில் அவ்வண்டுகள் விடப்பட்டன. சிறிது காலத்திற்குள் கையால் மகரந்தம் ஊதும் வேலையே தேவையற்றுப் போயிற்று. பல்லாண்டுகளாக, "எப்படி இன்னும் நன்றாக ஊதுவது?" என்றே சிந்தித்தனர், "உண்மையில் இது காற்றின் வேலைதானா?" என்று திரும்பிக் கேட்டபோதே கதவு திறந்தது.

மூன்றாவது சான்று பால்மரத்தின் கட்டை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்களை வெட்டி என்ன செய்தோம்? விறகாக எரித்தோம், வயலிலேயே குவித்துக் கொளுத்தினோம். "பால்மரம்" என்ற பெயரே நம் கண்ணைக் கட்டிற்று. பால் நின்றால் மரம் செத்தது என்பதே கணக்கு. அக்கட்டையை வண்டும் பூசணமும் விரைவில் அரிக்கும் என்பது மெய்யே. மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தினால் அக்குறை நீங்கும் என்று கண்டபின், 1980களிலிருந்து அது நாற்காலியும் மேசையும் கட்டிலுமாகிக் கப்பலேறுகின்றது. இன்று மலேசியாவினின்று ஏற்றுமதியாகும் மரச் சாமான்களுட் பெரும்பகுதி அக்கட்டையாற் செய்தவையே. மரம் மாறவில்லை, அதனை நோக்கிய நோக்கு மாறிற்று.

இதனையே கார்ல் டங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஒரு சிறு விளையாட்டாற் காட்டினார். மெழுகுவத்தி ஒன்று, நெருப்புக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகள். மெழுகுவத்தியைக் கதவில் நிறுத்துதல் வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கதவில் அறைந்தால் அதுவே தாங்குபலகையாகும். ஆணி நிறைந்த பெட்டியைக் கொடுத்தபோது பலர்க்கு வழி தோன்றவில்லை. வெறும் பெட்டியாகக் கொடுத்தபோது எளிதில் தோன்றிற்று. ஆணியைத் தாங்கிய பெட்டி அவர்கட்கு "ஆணிப்பெட்டி"யாகவே நின்றுவிட்டது. பால்மரம் நமக்கு நின்றதும் அவ்வாறே.

பூட்டுவோர் யாவர்?

முதற்கண் நம் பள்ளிக்கூடத்தை நோக்குவோம். இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. அவற்றைக் காத்து நிற்கும் ஆசிரியர்களின் உழைப்பை யாம் மதிக்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்போம். பிள்ளைகளிடம் மாதிரிக் கட்டுரை என்று ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்விப்பது எதற்காக? "நான் ஒரு குடை" என்று தலைப்புத் தந்தால் நாற்பது பிள்ளைகளின் குடையும் ஒரே கடையில் விற்கப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே குப்பைத் தொட்டியில் விழுந்து கண்ணீர் வடிக்கின்றது! ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற யாமும் இதற்கு விலக்கல்லேம். எமக்குக் கிடைத்த மாதிரி ஆங்கிலத்தில் இருந்தது என்பதே வேறுபாடு. மாதிரி உதவிதானே என்பீராகில், 1991இல் ஜான்சன், ஸ்மித் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வரைக என்று சிலரைப் பணித்தனர். உறிஞ்சு குழாய் கூடாது என்றும் விதித்தனர். ஒரு சாரார்க்குக் குழாய் வைத்த மாதிரிப் படமொன்றைக் காட்டினர். கூடாது என்று எழுதியிருந்தும், மாதிரியைக் கண்டவர்கள் குழாயை வரைந்தனர்! மாதிரியின் நன்மை மட்டும் மனத்திற் பதியும், பிழை பதியாது என்பது வீண் நம்பிக்கை.

இரண்டாவதாக நம் சங்கங்கள். இங்கே எம் கைக்குற்றம் ஒன்றை ஒளியாது கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நகரத்தை ஒட்டிய தோட்டப் பள்ளி ஒன்று. அதன் பெயர் வேண்டா. தோட்டத்துக் குடும்பங்கள் நகரத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. பிள்ளைத் தொகை ஆண்டுக்காண்டு தேய்ந்தது. இப்படியே போனால் பள்ளிக்குப் பூட்டுத்தான் என்று அஞ்சி ஒரு கூட்டம் கூட்டினர். யாம் அதற்குச் செயலாளர். இரண்டு மணிநேரம் பேச்சு நடந்தது. பஸ் வேண்டும் என்று ஒருவர் தொடங்கினார். பின் பேசியோர் எல்லாரும் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டனர். பஸ்ஸுக்கு மனுக் கொடுப்போம் என்றார் ஒருவர். பஸ்ஸுக்கு விருந்து வைத்து நிதி திரட்டுவோம் என்றார் மற்றொருவர். பிரமுகரை அழைத்து மாலை போட்டுப் பஸ் கேட்போம் என்றார் இன்னொருவர். அப்போது பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் மூதாட்டி, ஒரு காலத்தில் அத்தோட்டத்திற் பால் வெட்டியவர், வாயிற்படியில் நின்றபடியே சொன்னார்:

"பஸ்ஸு கெடக்கட்டும் தம்பி. ஒரு மணிக்குப் புள்ளயக் கொண்டுபோயி எறக்கிவிட்டா வீட்டுல யாரு இருக்கா? அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பேக்டரியிலேருந்து வர ஏழு மணி ஆகுது. அதனாலதானே பக்கத்துல இருக்குற பள்ளிக்கூடத்துல சேக்குறாங்க. பொழுது சாயிற வரைக்கும் புள்ளைங்க இங்கனயே இருக்கட்டும். நாங்க நாலு கெழவிங்க சோறாக்கிப் போட்டுப் பாத்துக்க மாட்டமா?"

தலைவர் புன்முறுவலுடன், "அம்மா, நாம் இப்போது பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறோம்" என்றார். சிலர் சிரித்தனர். மூதாட்டியார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாம் குறிப்பேட்டில், "பஸ் கோரி மனு அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினோம். அவர் சொன்ன ஒரு சொல்லையும் எழுதவில்லை. எழுதத் தகாதது என்று எண்ணி விட்டோமல்லோம். அது எம் காதில் விழுந்தும் மனத்தில் விழவில்லை. அதுவே கொடுமை.

இரண்டாண்டு கழிந்தது. பஸ் வரவில்லை. புதிதாய் வந்த இளம் ஆசிரியை ஒருவர் வீடுவீடாகச் சென்று, "பிள்ளையை ஏன் வேறிடத்திற் சேர்த்தீர்கள்?" என்று கேட்டார். மூதாட்டியார் சொன்ன விடையே கிடைத்தது. மாலைவரை பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஏற்பாடு அதன்பின் தொடங்கிற்று, தேய்வும் நின்றது. பள்ளி இன்றும் திறந்திருக்கின்றது. ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளிற் போன பிள்ளைகள் திரும்பவில்லை. அவர்கள் இழந்த தமிழுக்கு எம் குறிப்பேடு பொறுப்பன்று என்று யார் சொல்ல முடியும்?

மூன்றாவதாக, கோபங்கொள்ளாது கேளுங்கள், சீர்திருத்தக்காரராகிய நாமே. பகுத்தறிவு, பகுத்தறிவு என்று ஆண்டாண்டாக முழங்குகின்றோம். அதே சொற்பொழிவு, அதே உவமை, அதே கைதட்டல். பழைய மந்திரத்தை விட்டோம். புதிய மந்திரத்தைப் பிடித்தோம். கேள்வி கேட்கச் சொல்லித் தருவதற்கு மாறாக, சொன்னதைச் சொல்லப் பழக்குகின்றோம். செக்கை மாற்றினோம், சுற்றுவதை நிறுத்தவில்லை.

தடைகூறுவோர்க்கு விடை

"முன்னோர் செய்ததெல்லாம் மூடத்தனமா? பழக்கமின்றித் தொழில் நடக்குமா?" என்று சிலர் கேட்பர். பழக்கத்தை யாம் பழிக்கவில்லை. பட்டையை வளர்தோல் படாமற் சீவும் கை பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது; ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று சிந்தித்தால் ஒரு நிரையும் முடியாது. கைக்குத் தடம் வேண்டும். வழி அடைபட்ட இடத்திலும் அத்தடத்தையே பிடித்துத் தொங்கும் மனத்தையே குறைகூறுகின்றோம்.

முன்னோரை மதிப்பதாயின் அவர்கள் செய்த செயலையும் எண்ணிப் பாருங்கள். ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்து, அறியாத காட்டில், அறியாத மரத்தை, அறியாத கத்தியால் வெட்டக் கற்றவர்கள் அவர்கள். அன்று அவர்களும் "எம் பாட்டன் வெட்டாத மரத்தை நாங்கள் வெட்டோம்" என்றிருந்தால் நாம் இங்கு உளமோ? எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் சில உயிர்மெய்களின் வடிவை ஒழுங்குபடுத்தி அச்சிட்டபோது, தமிழே கெட்டதென்று கூக்குரலிட்டோர் உண்டு. தமிழ்நாட்டு அரசு 1978இல் அச்சீர்திருத்தத்தை ஏற்றது. இந்நாட்டிலும் அவ்வடிவங்களே வழக்கில் உள. இன்றைய பிள்ளைக்குப் பழைய வடிவமே புதிராகத் தோன்றுகின்றது. கெட்டது தமிழன்று, கண்ணின் பிடிவாதமே.

"சிந்திக்க ஏழைக்கு நேரமேது?" என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. பசித்த வயிற்றைச் சிந்திக்கச் சொல்லிக் கட்டளையிடுவது கொடுமை. ஆனால் பயனற்ற ஒரே வழியில் இரண்டாண்டு மனு எழுதியதற்கு நமக்கு நேரம் இருந்ததே! வழியற்றோர்க்கன்றோ வேறு வழி தேடும் அறிவு முதலில் வேண்டும்? செல்வன் ஒரு வழி அடைபட்டாற் பணத்தால் மற்றொன்றைத் திறப்பான். நமக்கு அச்செல்வம் சிந்தையே.

அவிழ்க்கும் வழி

குற்றம் கூறி நிறுத்துவது எளிது. ஆகலின் ஆராய்ச்சியாலும் அநுபவத்தாலும் தேர்ந்த சில வழிகளைக் கூறுவோம்.

முதலாவது, கூடிப் பேசுமுன் தனித்து எழுதுக. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1958இல் வெளியான சோதனையொன்றில், நால்வர் கூடிப் பேசிக் கண்ட கருத்துகளைவிட, நால்வர் தனித்தனியே எண்ணித் தந்தவற்றைச் சேர்த்தபோது ஏறத்தாழ இருமடங்கு கருத்துகள் தேறின. காரணம் வெளிப்படை. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் அடைபட்டிருக்கும். முறை வருவதற்குள் தோன்றியது மறந்துபோகும். முதலில் விழுந்த சொல் எல்லாரையும் தன் பின்னே இழுக்கும். எம் கூட்டத்தில் பஸ் இழுத்தது போல. ஆகவே கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவர்க்கும் ஒரு துண்டுத் தாளும் பத்து நிமிடமும் கொடுங்கள். எழுத வராதவர் சொல்லட்டும், அருகிலிருப்பவர் எழுதட்டும். தலைவர் தாளையும் பெருக்குபவர் தாளையும் ஒரே பெட்டியிற் போட்டுப் பெயரின்றிப் படியுங்கள்.

இரண்டாவது, விடையைக் கேள்விக்குள் ஒளித்து வைக்காதீர். "பஸ் எப்படிப் பெறுவது?" என்பது கேள்வியன்று, விடையொன்று கேள்வி வேடம் பூண்டு வந்தது. "பிள்ளைகள் ஏன் வருவதில்லை?" என்பதே கேள்வி. ஒரு செய்தி மூன்று முறை பேசியும் தீராதபோது, அதனை வேறு மூன்று வகையாகக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பொருளை அதன் பயன்பெயரால் அழையாதீர். மெக்காஃப்ரி என்பார் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பொருளை அதன் உறுப்புகளாகப் பிரித்து, எதற்குப் பயன்படுவது என்பதைச் சுட்டாத சொல்லால் அவற்றை வழங்கப் பயின்றோர், பயிலாதோரினும் மிகுதியான புதிர்களை விடுவித்தனர். திரி என்னாது நூல் என்க. அது கட்டவும் உதவும் என்பது தோன்றும். சங்கக் கட்டடம் என்னாது, கூரையும் விளக்கும் இருபது நாற்காலியும் உள்ள இடம் என்க. ஆண்டுக்கு ஆறு கூட்டத்துக்கு மட்டும் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் அவ்விடம் பிள்ளைகள் மாலையிற் படிக்கும் இடமாகாதோ? வேலை தேடும் இளைஞர் தையலும் மின்வேலையும் பழகும் இடமாகாதோ?

நான்காவது, முதலில் தோன்றியதோடு நில்லாதீர். முதற்கருத்து பெரும்பாலும் பழைய தடத்தின் கருத்து. பத்து எழுதுக, கடைசி மூன்று நகைக்கத்தக்கனவாயினும் எழுதுக. எழுதி முடித்தபின் ஒருநாள் மறந்திருந்து மீண்டும் நோக்குக. ரிட்லியின் விதைப்பையும் ஒருநாள் நகைப்புக்குரியதாகவே இருந்தது.

ஐந்தாவது, பள்ளியில் மாதிரிக் கட்டுரை தருவதாயின் ஒன்று தராதீர். ஒன்றோடொன்று மாறுபட்ட நான்கு தருக. பிள்ளை ஐந்தாவதை எழுதட்டும். அதன் குடை வேறு மழையில் நனைவதாக எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்.

இவற்றுள் எதற்கும் பொருட்செலவு இல்லை. பிரமுகர் வேண்டா, மாலை வேண்டா, மனு வேண்டா. வேண்டுவது ஒன்றே: நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் வழி என்னும் செருக்கை விடுதல்.

தோட்டங்கள் கை மாறுகின்றன, வீட்டுமனைகளாகின்றன. பழைய வேலைகள் ஒழிகின்றன. நாளைக்கு வரப்போகும் கணக்கு, இருபத்தெட்டும் எழுபத்தாறும் மூன்றுமாகிய கணக்கு. பழைய வழி அங்கே உதவாது. அப்போதும் பெரிய வாளியையே நிரப்பிக்கொண்டு நிற்போமா?

அடுத்த கூட்டத்தில் செயலாளராய் அமர்வோரை ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். வாயிற்படியில் யாரேனும் நிற்கின்றனரா என்று ஒருமுறை தலைநிமிர்ந்து பாருங்கள். அவர் சொல்வதை, விளங்காவிட்டாலும், குறிப்பேட்டில் எழுதுங்கள். யாம் எழுதத் தவறிய வரி அதுவே.